ஏப்ரல் 17-ல் குழி தோண்ட வேண்டாம், தண்ணீர் ஊற்றுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையில் சின்னதாக ஒரு பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பத்திரிகைக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, இதுதான் முதல் தடவை. நடிகர் விவேக்கின் நினைவு நாளுக்கு மறுநாள் உங்கள் பத்திரிகையில் ஒரு படம் வந்திருந்தது. ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே ஒரு மரக்கன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுடைய நிழல் காலடியிலேயே கிடக்கிறது, அப்படியென்றால் நல்ல உச்சி வெயில். கன்றின் மேல் இலைகள் அப்போதே துவண்டு தொங்குகின்றன. படத்தில் இருக்கிற எல்லோர் முகத்திலும் உண்மையான அன்பு தெரிகிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கன்று மே மாசத்தைத் தாண்டியிருக்காது என்று அந்தப் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விவேக் சாரை நினைத்து மரம் நடுகிறவர்கள் தயவுசெய்து அதை ஏப்ரலில் செய்ய வேண்டாம். அவருடைய பிறந்த நாள் நவம்பர் 19. அன்றைக்கு நடுங்கள். ஏப்ரல் 17-ம் தேதி, ஏற்கெனவே நட்டதற்குத் தண்ணீர் ஊற்றுங்கள். இவ்வளவுதான் விஷயம். ஏன் சொல்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம்.

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. விடிகாலை நாலரை மணி வாக்கில் அவர் போய்விட்டார். எனக்கு ஆறு மணிக்கே போன் வர ஆரம்பித்துவிட்டது. பிளக்ஸ் தொழிலில் இருக்கிறவனுக்கு விடிகாலை போன் என்றால் எங்கோ ஒரு சாவு என்று அர்த்தம், அதனால் பதறாமல்தான் எடுத்தேன். பெயரைச் சொன்னதும் கை ஓடவில்லை. முந்தின நாள்தான் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது, பிழைத்துவிடுவார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 59 வயசு, அது போகிற வயசா?

எட்டு மணிக்குக் கடையைத் திறந்தபோது வாசலில் மாஸ்க் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் நின்றார்கள். கொரோனா இரண்டாவது அலை ஏறிக்கொண்டிருந்த நேரம், எங்கள் ஊர் சித்திரைத் திருவிழாவே ஜனங்கள் இல்லாமல் கோயிலுக்குள் நடந்த வருஷம் அது. வந்தவர்களில் ஒருவருக்கொருவர் யாருக்கும் பழக்கமில்லை. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், இன்னொருவர் செல்போன் ரிப்பேர் கடைப் பையன், ஒரு பள்ளிக்கூட வாத்தியார், பக்கத்துத் தெருவில் தையல் கடை வைத்திருக்கிற அக்கா. இதைக் கவனித்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. பெரிய ஹீரோ இறந்தால் மன்றத்து ஆட்கள் வருவார்கள், மாவட்டத் தலைவர், ஒன்றியச் செயலாளர் என்று வரிசையாகப் பெயர் கொடுப்பார்கள், பெயர் எழுதவே பாதி பிளக்ஸ் போய்விடும். விவேக்குக்கு வந்தவர்கள் யாரும் பெயர் போடச் சொல்லவில்லை. அந்தத் தையல்கார அக்கா மட்டும், "கீழே 'உங்களால் சிரித்தவர்கள்'னு போட்ருங்க தம்பி" என்றார். அப்படியே போட்டேன். அன்றைக்கு அடித்த பிளக்ஸ் எல்லாவற்றிலும் அதையே போட்டேன், அப்புறம் வந்தவர்களும் அதையே கேட்டார்கள்.

எந்தப் போட்டோ போடுவது என்பதில்தான் கொஞ்சம் நேரம் போனது. ஆட்டோக்காரர் 'ரன்' படத்து விவேக்தான் வேண்டும் என்றார். 2002-ல் அந்தப் படத்தில் அவர் சென்னைக்கு வந்து படுகிற பாட்டையும், காக்கா பிரியாணியையும் ஊரே பேசியது, அதனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. செல்போன் கடைப் பையனுக்கு 'வேலையில்லா பட்டதாரி'யில் வருகிற விவேக். அவன் வயசுக்கு அதுதான் முதலில் நினைவுக்கு வரும். கடைசியில் வாத்தியார் தன் போனிலிருந்து ஒரு படத்தைக் காட்டினார். தொப்பி போட்டுக்கொண்டு, கையில் மரக்கன்றோடு பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடுவில் நிற்கிறார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. அந்தப் படம்தான் அன்றைக்கு எங்கள் ஏரியா பூராவும் நின்றது.

விவேக் நாங்கள் உரிமை கொண்டாடுகிற ஆள். கோவில்பட்டிப் பக்கத்துப் பிள்ளை, படித்தது மதுரை அமெரிக்கன் கல்லூரியில். அப்புறம் சென்னைக்குப் போய்த் தலைமைச் செயலகத்தில் அரசு வேலை பார்த்துக்கொண்டே நகைச்சுவை மன்றத்தில் மேடையேறி, அங்கிருந்து பாலசந்தர் கண்ணில் பட்டு, 1987-ல் 'மனதில் உறுதி வேண்டும்' படத்தில் வந்தார். அரசு வேலையை விட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறேன் என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த பத்து வருஷத்துக்கு மேல் சின்னச் சின்ன வேஷம்தான். பெயர் சொன்னால் தியேட்டரில் கைதட்டு விழுகிற நிலைமைக்கு வர அவ்வளவு நாள் ஆயிற்று. நடுவில் அவர் விட்டுவிட்டுப் போயிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவரைச் சின்னக் கலைவாணர் என்று சொல்வது சும்மா ஒட்ட வைத்த பட்டம் இல்லை. என்.எஸ்.கிருஷ்ணன் மாதிரியே இவரும் சிரிக்க வைத்துக்கொண்டே மூட நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். லாரியில் எலுமிச்சம்பழம் கட்டுகிறதைப் பற்றி அவர் கேட்ட கேள்வியை எங்கள் தெரு லாரி டிரைவர்களே இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் அப்பா சகுனம் பார்ப்பதில் ரொம்பக் கெட்டி. பூனை குறுக்கே போனால் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார். நாங்கள் எத்தனையோ சொல்லிப் பார்த்திருக்கிறோம், கேட்டதில்லை. ஒரு நாள் டிவியில் விவேக் காமெடி ஓடிக்கொண்டிருந்தபோது அவரே வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "நம்மளத்தான் சொல்றான்" என்றார். அதற்குப் பிறகு பூனைக்காக வண்டியை நிறுத்தி நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்த விஷயம் இது, அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

இப்போது மர விஷயத்துக்கு வருகிறேன். அப்துல் கலாம் ஐயா கேட்டுக்கொண்டதால்தான் விவேக் மரம் நட ஆரம்பித்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். 2010-ல் 'கிரீன் கலாம்' என்று பெயர் வைத்து, ஒரு கோடி மரம் என்று கணக்கு வைத்தார். பள்ளிக்கூடம், கல்லூரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போனார். 2015-ல் கலாம் ஐயா போனார், அதே வருஷம் மூன்று மாசம் கழித்து 13 வயசு மகனையும் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தார். அந்த மனுஷன் அதோடு முடங்கிப்போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் திரும்ப வந்தார், திரும்பவும் மண்வெட்டியைப் பிடித்தார். இறக்கும்போது 33 லட்சத்துக்கு மேல் நட்டிருந்தார்.

ஒரு கோடியில் 33 லட்சம் போனால் மிச்சம் 67 லட்சம். அன்றைக்குச் சாயங்காலம் சென்னையில் அவர் உடலைக் காவல்துறை மரியாதையோடு எடுத்துப் போனபோது கூட வந்தவர்கள் மரக்கன்றுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்ததை டிவியில் பார்த்தேன். மாலையும் மலர்வளையமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது என்னவோ செய்தது. அன்று ராத்திரியே எல்லோர் போனிலும் அந்த 67 லட்சம் கணக்குதான் சுற்றியது, நாம முடிச்சுக் கொடுப்போம் என்று.

நாங்களும் கிளம்பினோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் 11 கன்று வைத்தோம். நர்சரியில் போய் நான்தான் வாங்கி வந்தேன், வேம்பு, புங்கன், நாவல், ரெண்டு சரக்கொன்றை. குழியும் தோண்டினேன். சித்திரை மாச மண், கடப்பாரை போட்டால் டங்கென்று திரும்பி வருகிறது. முக்கால் அடிக்கு மேல் யாராலும் தோண்ட முடியவில்லை, அந்த அளவுக்கே வைத்துவிட்டோம். போட்டோ எடுத்தோம். ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றிரண்டு கன்றை அவசரத்தில் பிளாஸ்டிக் பையோடு சேர்த்தே புதைத்துவிட்டார்கள் என்பது அப்புறம் செத்த கன்றைப் பிடுங்கும்போதுதான் தெரிந்தது. வேர் அந்தப் பைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு நூல்கண்டு மாதிரி காய்ந்து கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அவமானமாக இருந்தது. விவேக் பெயரைச் சொல்லிக்கொண்டு இதையா செய்தோம்?

முதல் வாரம் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்புறம் ஊரடங்கு வந்தது, வீட்டுக்கு வீடு காய்ச்சல் வந்தது, யாரைக் குறை சொல்ல முடியும்? அக்னி நட்சத்திரம் முடிகிறதுக்குள் ஆறு போய்விட்டது. ஆடு கடித்தது ரெண்டு. சாக்கடை வேலைக்கு வந்த மண் அள்ளும் இயந்திரம் ரெண்டைச் சேர்த்து வாரிக்கொண்டு போனது. மிஞ்சியது ஒரே ஒரு புங்கன்.

அது எப்படி மிஞ்சியது என்றால், தெருமுனையில் காலையில் இட்லி சுடுகிற அப்பத்தா ஒருவர் இருக்கிறார். அவர் கடைக்கு எதிரே வைத்த கன்று அது. அரிசி கழுவுகிற தண்ணீர், உளுந்து கழுவுகிற தண்ணீர், ஈயப் பாத்திரம் அலசுகிற தண்ணீர் எல்லாம் அதற்குத்தான். ஆடு வராமல் இருக்க கருவேல முள்ளை வெட்டி வந்து சுற்றிலும் அவரே நட்டார். ஒரு தடவை நான் அந்த வழியாகப் போனபோது நிறுத்தி, "ஏந்தம்பி, வச்சுட்டு வச்சுட்டுப் போயிருவீக, ஊத்துறது யாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சினிமா பார்க்கிறவரே இல்லை, விவேக் யார் என்று போஸ்டரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். ஆனால் எங்கள் தெருவில் 'விவேக்கு மரம்' என்றால் அந்த ஒரு புங்கன்தான், அதை வளர்த்தது அவர்தான்.

இது ஏதோ எங்கள் தெருக் கதை என்று நினைக்க வேண்டாம். எனக்கு பிளக்ஸ் ஆர்டர் கொடுக்கிற பத்துப் பன்னிரண்டு ஊர்க்காரர்களிடம் ஒவ்வொரு வருஷமும் கேட்கிறேன். போன வருஷம் வச்சது என்ன ஆச்சு என்று கேட்டால் சிரித்துக்கொண்டே தலையைச் சொறிவார்கள். சிலர் அதே குழியிலேயே இந்த வருஷமும் வைக்கிறார்கள்.

காரணம் ரொம்ப சாதாரணமானது. ஏப்ரல் 17 என்றால் சித்திரை பிறந்து நாலாம் நாள். வெயில் ஏறுகிற காலம், மதுரையில் 38, 40 டிகிரி என்று போகும். அடுத்து மே முழுக்க அக்னி. மண்ணில் ஈரமே கிடையாது, ஆழ்குழாயில் தண்ணீர் கீழே போயிருக்கும், லாரித் தண்ணீருக்கு ஜனங்கள் குடத்தை வைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் மரக்கன்றுக்கு யார் ஊற்றுவார்கள்? நர்சரி நிழலில், தினமும் ரெண்டு வேளை தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றைத் திடீரென்று கொண்டுவந்து தார் ரோட்டோரம் அனலில் நிற்க வைக்கிறோம். கேரளாவில் ஜூனில் மழை பிடித்துவிடும், அங்கே ஏப்ரல் கடைசியில் வைத்தாலும் எப்படியோ ஓடிவிடும். நம் ஊருக்கு ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாசத்தில்தான் பெய்கிறது. ஏப்ரலில் வைத்த கன்று அந்த மழைக்கு ஆறு மாசம் காத்திருக்க வேண்டும்.

நவம்பர் 19 என்றால் கார்த்திகை பிறந்து ரெண்டு மூன்று நாள். ஐப்பசி மழையில் மண் ஊறிப் பொதுபொதுவென்று இருக்கும், கடப்பாரையே வேண்டாம், மண்வெட்டி போதும். அன்றைக்கு வைத்தால் டிசம்பர் வரைக்கும் வானமே தண்ணீர் ஊற்றும், தை மாசியில் பனி இருக்கும், பங்குனி வெயில் வருவதற்குள் வேர் கீழே இறங்கிவிடும். அவர் பிறந்த நாளே இப்படி நல்ல பருவத்தில் விழுந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு இறந்த நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

எங்கள் ஊர் வனத்துறை நாற்றங்காலில் வேலை பார்க்கிற ஒருவரிடம் போய் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உபயோகப்படும். குழி ரெண்டடி ஆழம், ரெண்டடி அகலம் இருக்க வேண்டும். நடுகிற அன்றைக்கே தோண்டக் கூடாது, பத்துப் பதினைந்து நாள் முன்னாடியே தோண்டி ஆறப்போட வேண்டும். தோண்டிய மேல்மண்ணோடு மக்கிய சாணி எரு கலந்து பாதிக் குழியை நிரப்ப வேண்டும், பச்சைச் சாணி போட்டால் சூட்டில் வேர் வெந்துவிடும். பையைப் பிளேடால் கீறி, மண்கட்டி உடையாமல் எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் ஒரு கம்பு நட்டு, துணிக் கிழிசலால் தளர்வாகக் கட்ட வேண்டும், நைலான் கயிறு ஆகாது. சுற்றிலும் தட்டு மாதிரி பாத்தி கட்டி, காய்ந்த சருகைப் பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். மேலே கரண்ட் கம்பி போகிற இடத்தில் உயரமாக வளர்கிற மரம் வேண்டாம், நாலு வருஷம் கழித்து கரண்ட் ஆபீஸ்காரர்கள் வந்து மொட்டையடித்துவிட்டுப் போவார்கள். அப்புறம் முதல் ரெண்டு கோடை. அந்த ரெண்டு கோடையைத் தாண்டிவிட்டால் வேம்பும் புங்கனும் நம்மை எதிர்பார்க்காது என்றார். இதில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது அந்த ரெண்டு கோடைக் கணக்குதான். நாங்கள் ஒரு வாரம் ஊற்றிவிட்டு நிம்மதியாக இருந்தோம்.

அதனால்தான் ஏப்ரல் 17-ஐத் தண்ணீர் ஊற்றுகிற நாளாக வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். சரியாகக் கோடை தொடங்குகிற நேரம். அன்றைக்கு எல்லோரும் கூடட்டும், அவர் படத்துக்கு மாலை போடட்டும், டிவியில் அவர் காமெடியைப் போட்டு விடிய விடியச் சிரிக்கட்டும், அதில் தப்பே இல்லை. அதோடு நவம்பரில் வைத்த கன்று எத்தனை இருக்கிறது என்று போய் எண்ணிப் பாருங்கள். பாத்தி உடைந்திருந்தால் கட்டுங்கள். கயிறு தண்டை இறுக்கியிருந்தால் அவிழ்த்துக் கட்டுங்கள். சில இடங்களில் இரும்புக் கூண்டு வைத்து அதை எடுக்க மறந்து, மரம் அந்தக் கம்பியைத் தின்றுகொண்டு வளர்ந்திருக்கும், அதை அறுத்து எடுங்கள். பத்து லிட்டர் கேனில் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு மரத்தடியில் வைத்தால் ஒரு நாள் முழுக்கச் சொட்டும், ஒரு வீட்டுக்கு ஒரு கேன் என்று எடுத்துக்கொண்டால் கோடை ஓடிவிடும்.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இது என் தொழில் சம்பந்தப்பட்டது. 2022-ல் முதலாண்டு நினைவஞ்சலிக்கு என் கடையில் அடித்த பிளக்ஸ் ஒன்றை ஒரு வேப்பமரத்தில் கட்டியிருந்தார்கள். கட்டியிருந்தார்கள் என்பது தப்பு, அடித்திருந்தார்கள். நாலு மூலைக்கும் நாலு அங்குல ஆணி. ஆணி இறங்கிய இடத்திலிருந்து பிசின் வடிந்து பிளக்ஸ் ஓரத்தில் சிவப்பாக உறைந்திருந்தது, அதற்கு மேலே கையில் மரக்கன்றோடு விவேக் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை நிறுத்தி, டூல்ஸ் பாக்ஸில் இருந்த கட்டிங் பிளேயரை எடுத்து நாலையும் பிடுங்கினேன். ரெண்டு வரவில்லை, தலை மட்டும் உடைந்து வந்தது, மிச்சம் இன்னும் அந்த மரத்துக்குள்தான் இருக்கிறது. அன்றிலிருந்து என் கடையில் எந்த பிளக்ஸ் வாங்கினாலும் கயிறு சும்மா கொடுக்கிறேன், மரத்தில் ஆணி அடிக்க மாட்டோம் என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். விவேக் நினைவு நாள் பிளக்ஸ் கேட்டு வருகிறவர்களிடம் சின்னதாகப் போடுங்கள், மிச்சக் காசுக்கு ஒரு டேங்கர் தண்ணீர் சொல்லுங்கள் என்று நானே சொல்கிறேன். போன தடவை மூன்று பேர் என் பேச்சைக் கேட்டு அப்படிச் செய்தார்கள்.

அவர் சாவை வைத்துப் பரவிய வதந்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறப்பதற்கு ரெண்டு நாள் முன்னாடி அரசு மருத்துவமனைக்குப் போய், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகவே கேமரா முன்னால் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டார். மறுநாளே மயங்கி விழுந்ததால் ஊசியால்தான் செத்தார் என்று கிளப்பிவிட்டார்கள். இதயத்துக்குப் போகிற முக்கியமான ரத்தக்குழாயில் முழு அடைப்பு என்று டாக்டர்கள் அன்றைக்கே சொன்னார்கள், ஊசிக்கும் சாவுக்கும் சம்பந்தமில்லை என்று மத்திய அரசின் குழுவும் பிறகு சொன்னது. ஆனால் அதற்குள் என் அம்மா உட்பட எங்கள் தெருவில் எத்தனையோ பேர் ஊசி போட மாட்டேன் என்று நின்றுவிட்டார்கள். அம்மாவைச் சமாதானப்படுத்த எனக்கு ரெண்டு மாசம் ஆயிற்று. நாலு பேருக்கு நல்லது சொல்லப் போன மனுஷனின் பெயரை வைத்தே நாலு பேரைப் பயமுறுத்தியது எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் நான் விடுவதில்லை.

ஒரு காமெடி நடிகர் இறந்த பிறகும் நம்மை விட்டுப் போவதே இல்லை, அது ஹீரோக்களுக்கு வாய்க்காத ஒன்று. என் கடையில் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பக்கத்து டீக்கடை டிவியில் தினமும் ஒரு தடவையாவது அவர் குரல் கேட்கும். வசனத்தை அவர் சொல்வதற்கு முன்னாலேயே எங்கள் பையன்கள் சொல்லிவிடுவார்கள். 2024-ல் 'இந்தியன் 2' பார்க்கப் போயிருந்தேன், இறந்து மூன்று வருஷம் கழித்து. அவர் திரையில் வந்ததும் தியேட்டரில் விசில் பறந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி ஒரு மாதிரி அமைதியாகிவிட்டது. எனக்குப் பக்கத்தில் இருந்த காலேஜ் பையன் கண்ணைத் துடைத்தான். அவனை எனக்குத் தெரியாது, இருந்தாலும் தோளில் கை வைத்தேன்.

சென்னை விருகம்பாக்கத்தில் அவர் வாழ்ந்த தெருவுக்கு 2022-ல் அரசு சின்னக் கலைவாணர் விவேக் சாலை என்று பெயர் வைத்தது. நல்ல காரியம், மனசார வரவேற்கிறேன். அந்தச் சாலையில் போகிறவர்களுக்கு நிழல் இருக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. இனிமேல் யாராவது மரக்கன்று நடுகிற படம் அனுப்பினால் உடனே போடாதீர்கள். ஒரு வருஷம் கழித்து அதே இடத்தில், அதே ஆட்கள், அந்த மரத்தோடு நிற்கிற படத்தை அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பெரிதாகப் போடுங்கள். பேப்பரில் படம் வர வேண்டும் என்பதற்காகவாவது நாலு பேர் தண்ணீர் ஊற்றுவார்கள். நான் மனுஷர்களைக் குறைவாகப் பேசவில்லை, எங்கள் தெருவில் நாங்களே அப்படித்தான் இருந்தோம். மாநகராட்சிக்காரர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும், சாக்கடைக்கும் குழாய்க்கும் தோண்டுவதற்கு முன்னாடி அந்தத் தெருவில் கன்று வைத்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னால் பெயர்த்து வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம்.

எங்கள் தெருவில் இந்த வருஷம் 15 குழி. புரட்டாசி கடைசியில் தோண்டி ஆறப்போடுவதாகப் பேசி வைத்திருக்கிறோம், எந்தக் குழி எந்த வீட்டுக்கு என்று சாக்பீஸால் குறித்தும் ஆயிற்று. ஆட்டோக்காரர் முள்வேலிக்குப் பொறுப்பு, தையல்கார அக்கா துணிக் கிழிசல் தருகிறேன் என்றிருக்கிறார். இட்லிக் கடை அப்பத்தாவிடம் போய் உங்களுக்கு இன்னொரு புங்கன் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பூவரசுப் போத்து ஒண்ணு வெட்டி வந்து ஊன்று, இலையில் கொழுக்கட்டை அவிக்கலாம் என்றார். அந்தப் பழைய புங்கன் இப்போது பன்னிரண்டு அடிக்கு வளர்ந்துவிட்டது. போன ஏப்ரல் 17 காலையில் போய்ப் பார்த்தபோது முதல் தடவையாகப் பூத்து, அவர் அடுப்படி வாசலெல்லாம் பொரி கொட்டின மாதிரி உதிர்ந்து கிடந்தது. அப்பத்தா அதைக் கூட்டாமல் அப்படியே விட்டு வைத்திருந்தார்.

இப்படிக்கு,
ஒரு பிளக்ஸ் கடைக்காரர்,
மதுரை.